மாடி வீட்டு ஆணிகள்

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது பாஞ்சாலை வீட்டுச் சட்டம். வேறு சட்டங்களும் இருந்தன. கீழே வற்றல் காயும்போது மாடியில் துணி உதறக் கூடாது, மோட்டார் போட்டால் ஒரு குரல் கொடுக்க வேண்டும், பௌர்ணமியன்று கேட்டைத் திறந்து போடக் கூடாது என்று அவை ஆண்டுக்காண்டு வளர்ந்துகொண்டே வந்தன. ஆனால் ஆணிச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் மூத்தது. மாடியைக் காட்டிய முதல் நாளே பாஞ்சாலை சுவரை உள்ளங்கையால் தட்டிச் சொல்லிவிட்டாள்.

"மல்லாட்டை வித்த காசும்மா இது. கீழ்பென்னாத்தூர்ல எங்கூட்டுக்காரரு வெயில்ல காஞ்சு சம்பாரிச்சது. செவுத்துல ஒரு ஆணி எறங்கினாலும் அது என் நெஞ்சுல எறங்கினதுதான், சொல்லிட்டேன்."

நிலக்கடலை விற்ற காசில் எழும்பிய சுவரை வேதா மரியாதையோடு பார்த்துத் தலையாட்டினாள். அந்த வாரமே அவள் கணவன் மணிவேல் முதல் ஆணியை அடித்தான். காலண்டர் மாட்டாமல் ஒரு குடும்பம் எப்படி நல்ல நாள் பார்க்கும்? கீழே பாஞ்சாலை கிரைண்டரைப் போடும் நேரமாகப் பார்த்து, அந்தச் சத்தத்தோடு சத்தமாக இரண்டே அடி. கிரைண்டர் நின்றபோது காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. ஆணி தெரியாதபடி காலண்டரைக் கொஞ்சம் ஏற்றி மாட்டவும் மணிவேல் கற்றுக்கொண்டான்.

அதற்கப்புறம் ஒன்பது வருஷம். காலண்டருக்குப் பக்கத்தில் கடிகாரம் வந்தது, கொசுவலைக்கு நான்கு மூலை வந்தது, மகள் அபிநயாவின் பள்ளிக்கூடப் பை வந்தது, பிறகு அவள் கல்லூரிப் பை வந்தது. பாஞ்சாலை தினமும் மாவரைக்கிறவள் என்பதால் எதற்கும் தட்டுப்பாடில்லை. அவள் மாடிக்கு வருவதும் அபூர்வம். வந்தாலும் வாசல்படியில் நின்று பேசிவிட்டுப் போய்விடுவாள், குடியிருப்பவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை என்று அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. சுருக்கமாகச் சொன்னால், சட்டம் போட்டவளின் நல்ல குணத்தை நம்பித்தான் சட்டத்தை மீறியவர்கள் பிழைத்தார்கள்.

இப்போது அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. வேதா வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறவள். மற்ற நாட்களில் பஸ் உண்டு. பௌர்ணமி வந்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். கிரிவலம் போகிற ஜனங்கள் எல்லாம் ஒரு திசையில் மலையைச் சுற்ற, வேதா மட்டும் டிபன் பாக்ஸும் கையுமாக எதிர்த் திசையில் இடித்துப் பிடித்து வீட்டுக்கு நடப்பாள். மாதம் தவறாமல் இப்படிச் சாமிக்கு எதிராக நடந்தால் புண்ணியம் கணக்கில் கழியாதா என்பது மணிவேலின் சந்தேகம். அபிநயாவுக்கும் தனியாக ஒரு அறை வேண்டியிருந்தது. வேங்கிக்காலிலேயே இரண்டு படுக்கையறையோடு ஒரு வீடு அமைந்தபோது வேதா அதை விடுவதாக இல்லை.

அந்த வீட்டுக்காரி அருணாதேவி, ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. ஒரு மாதத்துக்கு முன்பே சரியென்று சொன்னவள், சாமானெல்லாம் மூட்டை கட்டிய புதன்கிழமை சாயங்காலம் போன் செய்தாள்.

"வேதா, நாளைக்குக் காலைல உங்க இப்போதைய ஓனரம்மாவுக்கு நானே பேசுறேன். சாமான் இருக்கும்போது எல்லார் வீடும் அழகாத்தான் இருக்கும். காலி பண்ணின வீட்டை எப்படி விட்டுட்டு வர்றாங்கங்கறதுலதான் ஆளைத் தெரியும். அவங்க வாயால ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு சாவியைத் தரேன். தப்பா எடுத்துக்காதீங்க, ஏற்கெனவே ஒரு தடவை பட்டுட்டேன்."

தப்பாக எடுத்துக்கொள்ள வேதாவுக்கு நேரமில்லை. பாஞ்சாலை வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தையா? அவளைக் கேட்டால் பால்காரர் தண்ணீர் கலக்கிறவர், கரண்டு கணக்கெடுக்க வருகிறவர் தூங்குமூஞ்சி, தெருக்கோடி டாக்டர் ஊசியைத் தவிர ஒன்றும் தெரியாதவர். அவள் கணவர் சகாதேவன் வாரத்தில் பாதி நாள் கீழ்பென்னாத்தூர் நிலத்திலேயே தங்கிவிடுகிறவர், அதற்கு அவள் வாய்தான் காரணம் என்று தெருவில் பேச்சு. எல்லாருக்கும் மேலே ஒருவன் இருந்தான். வேதாவுக்கு முன்னால் மாடியில் குடியிருந்த அன்பரசன்.

அன்பரசன் செய்த குற்றம் இதுதான். வீட்டைக் கூட்டாமல், குப்பையை அப்படியே போட்டுவிட்டு வேலூருக்கு வண்டி ஏறிவிட்டான். அதைக்கூடப் பாஞ்சாலை பொறுத்திருப்பாள். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணவில்லை, அங்கேதான் அவன் கெட்டான். வீட்டைவிட்டு ஒரு ஆள் கிளம்பிவிட்டால், அவர் போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை பாஞ்சாலை துடைப்பத்தைத் தொடமாட்டாள்.

"ஆளு வாசப்படி தாண்டினதும் பின்னாடியே கூட்டறதுக்கு இதென்ன எழவு வூடா? பொணம் போனாத்தான் உடனே கூட்டிக் கழுவுவாங்க" என்பாள்.

ஆகவே அன்பரசனின் சேதிக்காகக் காத்திருந்தாள். அவனோ வேலூரில் சுகமாக இருந்தான். அவன் விட்டுப்போன தேங்காய் நாரும் கிழிந்த செருப்பும் நாலு நாள் மாடியில் கிடந்தன, எலி வந்தது, கடைசியில் சகாதேவன் யார் யாரிடமோ விசாரித்து அவன் நம்பரைப் பிடித்து, "ஐயா, நீ உசுரோட இருக்கறியா?" என்று கேட்டுச் சொன்ன பிறகுதான் பாஞ்சாலை மாடி ஏறினாள். இன்றைக்கும் அந்தத் தெருவில் யாராவது பாதி வேலையில் விட்டுவிட்டுப் போனால் 'அன்பரசன் வேலை' என்றுதான் பெயர். வேதாவிடமும் முதலிலேயே சொல்லி வைத்திருந்தாள்: "போற அன்னிக்கு நீங்களே கூட்டி, சுத்தமா காலி பண்ணிட்டுத்தான் போணும். உங்களுக்கப்புறம் நான் தொடப்பம் எடுக்க மாட்டேன்."

அந்தப் பாஞ்சாலையின் ஒரு வார்த்தையில்தான் இப்போது புது வீட்டுச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. மாடியைக் கேட்டு இன்னொரு ஜோடி வந்து, ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்ச நாளும் குறித்தாகிவிட்டது. வார்த்தை கெட்டுப்போனால் இங்கேயும் வீடில்லை, அங்கேயும் வீடில்லை.

வேதா புடவையை இழுத்துச் செருகினாள். குளியலறை டைல்ஸில் ஒன்பது வருஷத்து உப்புத் தண்ணீர் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆசிட் ஊற்றி, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, தேய்தேயென்று தேய்த்தாள். அடுப்புக்குப் பின்னால் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைக் கத்தியால் சுரண்டினாள். அபிநயா ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தபடி, "நாம குடியிருந்தப்ப இவ்ளோ சுத்தமா ஒரு நாள்கூட இல்லியேம்மா" என்றாள். வேதாவுக்கும் அதே எண்ணம்தான், ஆனால் அம்மா என்கிற பதவிக்கு அதை ஒப்புக்கொள்ள முடியாது.

மணிவேலுக்கு ஆணி இலாகா. எல்லா ஆணிகளையும் பிடுங்கியாகிவிட்டது. ஓட்டைகள் பல்லிளித்தன. குளியலறையிலிருந்து வேதா கத்தினாள்: "ஓட்டையில எல்லாம் பேஸ்ட்டு வெச்சு அடைச்சிடுங்க! செவுத்துக் கலர்லயே இருக்கும், தெரியாது."

அவள் சொன்னது பல் தேய்க்கிற பேஸ்ட். ஆணி ஓட்டையை வெள்ளைப் பேஸ்ட் வைத்து மூடிவிட்டு வாடகை வீட்டிலிருந்து நழுவும் வித்தை ஊரில் எல்லாருக்கும் தெரியும். மணிவேலைத் தவிர. அவன் மருந்து மொத்த வியாபாரக் கடையில் பார்சல் கட்டுகிறவன். அவனுக்குத் தெரிந்த பேஸ்ட், பெட்டிமேல் சீட்டு ஒட்டுகிற பசை. பசை என்றால் மாவு. கட்டாமல் மிச்சமிருந்தது கோலமாவு டப்பா ஒன்றுதான், அதுவும் வேதா தன் கையால் அரைத்த சுத்தப் பச்சரிசி மாவு. தண்ணீர் விட்டுப் பிசைந்து பார்த்தான், உதிர்ந்தது. அடுப்பு மேடையில் டீ போட்டு மிஞ்சிய பால் கொஞ்சம், சர்க்கரையோடு, இருந்தது. அதை ஊற்றிப் பிசைந்தபோது கொழுக்கட்டை மாவு பதத்துக்கு அருமையாக வந்தது. ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்து, விரலால் தடவி, தலையைச் சாய்த்துச் சாய்த்து அழகு பார்த்தான். சுவர் புதுசு மாதிரி இருந்தது.

"முடிஞ்சுதா?" என்றாள் வேதா.

"ஒரு ஆணி இருந்த அடையாளம் கண்டுபிடிச்சிடு பாக்கலாம்" என்றான். அவளாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு வேலையில் அவனை மனதாரப் பாராட்டிவிட்டுப் படுத்தாள்.

வியாழக்கிழமை காலையில் வண்டிக்காரன் விமல்ராஜ் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். சின்ன வண்டி, பெரிய அவசரம். "அண்ணி, நாளைக்குப் பௌர்ணமி. மத்தியானத்துக்கு மேல ரோட்டுல தடுப்பு போட ஆரம்பிச்சிடுவாங்க. அதுக்குள்ள வேங்கிக்கால்ல எறக்கிட்டு நான் ஓடிடணும்" என்றான். கட்டில், பீரோ, வாஷிங் மிஷின், பாத்திர மூட்டை எல்லாம் ஏறி, மேலே மெத்தை ஏறி, கயிறு போட்டு இறுக்கியாகிவிட்டது.

மாடிக்கு வந்த வேதா, பீரோ இருந்த இடத்தைப் பார்த்தாள். ஒன்பது வருஷத்துப் புழுதி, ஒரு சீப்பு, அபிநயாவின் பழைய கலர் பென்சில்கள், தொலைந்துபோனதாக நினைத்த மூக்குத்தித் திருகு. இதை மட்டும் ஒரு தடவை கூட்டிவிட்டால் முடிந்தது.

"தொடப்பம் எங்க?"

மணிவேல் பெருமையோடு சொன்னான்: "அதுதான் மொத வேலையா ஏத்தினேன். சாமி படம், உப்பு, மஞ்சள், வெளக்கு எல்லாம் முன் சீட்டுல. தொடப்பமும் லட்சுமியாச்சே, விட்டுட்டுப் போலாமா? வண்டியில அடியில பத்திரமா இருக்குது."

வேதா அவனைப் பார்த்த பார்வையில் அபிநயா நைசாக வராண்டாவுக்கு நழுவிவிட்டாள். வேதா கீழே ஓடி விமல்ராஜிடம் கேட்டாள். அவன் கயிற்றைத் தடவிக்கொடுத்தபடி, "கட்டினா கட்டினதுதான் அண்ணி. அவுத்தா மறுபடி மொதல்லேர்ந்து" என்றான். வேறு வழியில்லாமல் பாஞ்சாலையின் கதவைத் தட்டினாள்.

"அக்கா, ஒரு நிமிசம் உங்க தொடப்பம் குடுங்களேன்."

பாஞ்சாலை, வயது ஐம்பதைத் தாண்டியும் நிமிர்ந்து நடக்கிற பெண்மணி, இப்படியொரு கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "தொடப்பத்தைக் கைமாத்தா குடுப்பாங்களா யாராவது? அதுவும் காலங்காத்தால? உன்னுது எங்க?"

"வண்டியில ஏத்திட்டாருக்கா."

"அறிவு" என்றாள் பாஞ்சாலை. யாருடைய அறிவு என்று விளக்கவில்லை. "நீ போய் எதையாவது வெச்சுக் கூட்டு. நான் வந்து பாக்கறேன்."

வேதா மணிவேலின் பழைய வேட்டியை நாலாக மடித்து, மண்டியிட்டுத் தரை முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தாள். அவன் கட்டியிருந்த வேட்டியைக் கழற்றச் சொல்லவில்லையே என்று மணிவேல் நன்றியோடு வாளியைப் பிடித்தான். புழுதியெல்லாம் மூலையில் ஒரு குவியலாகச் சேர்ந்தபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பாஞ்சாலை வாசல்படி தாண்டி உள்ளே வந்தாள்.

குளியலறையைப் பார்த்தாள். குழாயை விரலால் தொட்டுப் பார்த்தாள். சமையலறை மேடையில் குனிந்து ஒரு பக்கமாக வெளிச்சம் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பாஞ்சாலை ஒன்றும் சொல்லாவிட்டால் அது பெரிய பாராட்டு. வேதாவுக்கு மூச்சு வந்தது. இனி போன் வரட்டும் என்று தைரியமாகக்கூட நினைத்தாள்.

கூடத்துக்கு வந்த பாஞ்சாலை நின்றுவிட்டாள்.

"இன்னாது இது?"

ஜன்னல் ஓரத்திலிருந்து ஒரு எறும்பு வரிசை கிளம்பி, சுவரில் நேராக ஏறி, காலண்டர் மாட்டியிருந்த இடத்தில் போய்க் கூட்டம் போட்டிருந்தது. அங்கிருந்து ஒரு கிளை கடிகாரம் இருந்த இடத்துக்குப் போனது. இன்னொன்று வளைந்து அபிநயாவின் பை தொங்கிய இடத்துக்குப் போனது. பாஞ்சாலை காலண்டர் இடத்தில் விரல் நகத்தால் சுரண்டினாள். மாவு பொலபொலவென்று உதிர்ந்து ஓட்டை எட்டிப் பார்த்தது. விரலை முகர்ந்தாள், ஒரு துளி நாக்கில் வைத்தாள்.

"இனிக்குது" என்றாள்.

வேதா மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். "நான் சொன்னது பல்லு வெளக்கற பேஸ்ட்டு" என்றாள், சத்தமே வராமல்.

"பேஸ்ட்டுன்னுதான சொன்ன" என்றான் மணிவேல், அதைவிடச் சத்தம் வராமல்.

பாஞ்சாலை எறும்புகளின் பின்னாலேயே நடந்தாள். எங்கெல்லாம் அவை நின்றனவோ அங்கெல்லாம் நின்றாள். எறும்பு போன வழியெல்லாம் ஒன்பது வருஷக் குடித்தனம் வெளியே வந்துகொண்டிருந்தது. படுக்கையறையில் கொசுவலையின் நான்கு மூலைகளிலும் நான்கு கூட்டம். "இத்தினியா?" என்றாள். "இத்தினியும் எப்பம்மா அடிச்சீங்க? ஒரு சத்தம் கேக்கலியே!"

கிரைண்டர் விஷயத்தைச் சொல்லும் தைரியம் அங்கே யாருக்கும் இல்லை.

அந்த நேரம் பார்த்து அவள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. பாஞ்சாலை போனைக் காதில் வைக்கிற பழக்கம் இல்லாதவள், காது சூடாகிறதாம். ஸ்பீக்கரைப் போட்டுக் கையில் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டாள்.

"வணக்கம்மா, நான் வேங்கிக்கால்லேர்ந்து அருணாதேவி பேசுறேன். உங்க மாடியில இருக்கற வேதா குடும்பம் என் வீட்டுக்கு வர்றாங்க. எப்படிப்பட்டவங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலாம்னு. வீட்டைச் சுத்தமா விட்டுட்டு வர்றாங்களா?"

வேதா கையைக் கூப்பினாள். பாஞ்சாலை அதைப் பார்க்கக்கூட இல்லை. அவள் கண் எறும்புமேல் இருந்தது.

"சுத்தமாவா? சுத்தமா என்னை ஏமாத்திக்கினு இருந்துருக்காங்கம்மா ஒம்போது வருசமா! ஆணி அடிக்காதன்னு சொன்னேன், செவுரெல்லாம் அடிச்சு வெச்சுருக்காங்க. அதுல மாவை வெச்சு அடைச்சு, அதுவும் சக்கரை போட்டு, எறும்புக்கு விருந்து வெச்சிருக்காரு இந்த வூட்டு ஆம்பள. இவங்களைப் போய் எப்படிப்பட்டவங்கன்னு கேக்கறீங்களே!"

போச்சு. வேதாவுக்குக் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. கீழே கயிறு கட்டிய வண்டி, மாடிக்கு வரப்போகிற புது ஜோடி, நடுத்தெருவில் பீரோவும் கட்டிலும் தானும். ஒரே ஒரு நல்ல வார்த்தைக்காக ஆசிட் பட்டு விரல் தோல் உரிந்ததுகூட வீண். மணிவேல்மேல் வந்த கோபம்கூடப் பாதியிலேயே செத்துப்போனது.

பாஞ்சாலைக்கோ இப்போதுதான் சூடு பிடித்திருந்தது.

"ஒண்ணா ரெண்டா? பௌர்ணமி அன்னிக்கு கேட்டைத் தொறக்காதன்னு சொன்னா, இவ மாடிப்படி கீழ தண்ணிக்குடம் வெச்சு, நடந்து வர்றவங்களை எல்லாம் உள்ள கூப்புட்டுக் குடுக்கறா. என் வூட்டு வாசல்ல திருவிழாக் கூட்டம்! இந்தப் பொண்ணு அபிநயா, சிரிச்சான்னா எனக்குக் கீழ டிவி சத்தம் கேக்காது. அத்தினி ஜாஸ்தி சிரிப்பு. இவரு இருக்காரே, கேக்காமயே என் மருந்தெல்லாம் கடையிலேர்ந்து வாங்கியாந்து, எதைக் காலைல போடணும், எதை ராத்திரி போடணும்னு கவர்மேல எழுதி வெச்சுட்டுப் போறாரு. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"ஓ" என்றது போன்.

"போன ஐப்பசில எனக்கு ஜொரம். நான் இவளாண்ட சொன்னேனா? சொல்லவே இல்ல. அவளா கதவைத் தட்டி, அவளா ஆட்டோவைக் கூட்டியாந்து, என்னைத் தூக்கிப் போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா. எங்கூட்டுக்காரரு நெலத்துலேர்ந்து வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு பாட்டில் ஏத்தியாச்சு. எவ்ளோ அதிகாரம் பாருங்க! இத்தினியும் பண்ணிட்டு, இப்ப பஸ் வசதி கம்மி, ரூம் கம்மின்னு கெளம்பிட்டா. இனிமே அவ வூட்டைத் தேச்சு வெச்சா இன்னா, தேய்க்காம வெச்சா இன்னா? போறவதான?"

கடைசி வார்த்தைகளில் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாஞ்சாலை செருமிக்கொண்டாள். அவளுக்கே அது எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அருணாதேவி, "போனை வேதாகிட்ட குடுங்கம்மா" என்றாள்.

வேதா வாங்கினாள். "மேடம், அந்த ஆணி வந்து..."

"அதை விடுங்க. போன தடவை ஒரு ஓனரு அவர் வீட்டு ஆளுங்களை ஆஹா ஓஹோன்னு தூக்கி வெச்சாரு. நம்பிச் சாவி குடுத்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, எப்படியாவது தலைவலியைத் தள்ளிவிட்டாப் போதும்னுதான் அப்படிப் புகழ்ந்தாருன்னு. இந்தம்மா உங்களைத் தள்ளிவிடற மாதிரி தெரியல. சாவியோட வாசல்லயே இருக்கேன், வாங்க. ஆணி எங்கெங்க வேணுமோ அதெல்லாம் நானே அடிச்சு வெச்சிருக்கேன். கூட ஒண்ணு அடிக்கக் கூடாது."

"மாட்டோம் மேடம்" என்றான் மணிவேல், எட்ட நின்றபடியே, கையைக் கட்டிக்கொண்டு.

போன் அணைந்தது. பாஞ்சாலை திகைத்துப்போய் நின்றாள். "இன்னாம்மா இது? நான் நல்லதா ஒரு வார்த்தைகூடச் சொல்லலியே?"

"இல்லக்கா, சொல்லல" என்றாள் வேதா. அழுகை வந்தே விட்டது, கூடவே சிரிப்பும். ஒன்பது வருஷமாக இந்த அம்மாளின் வாய்க்குப் பயந்து பயந்து வாழ்ந்திருக்கிறோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. பாஞ்சாலையின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆசிட் பட்ட விரல் எரிந்தது, ஆனாலும் விடவில்லை.

"வுடு வுடு" என்றாள் பாஞ்சாலை. "கை பாரு, எப்படி வெந்து கெடக்குது. யாரு உன்னை இந்தத் தேய்ப்பு தேய்க்கச் சொன்னது?"

கீழே விமல்ராஜ் ஹாரன் அடித்தான். வேதா மூலையில் இருந்த புழுதிக் குவியலைப் பார்த்தாள். முறத்துக்குப் பதிலாக ஒரு அட்டையைத் தேடினாள். "இதை மட்டும் அள்ளிடறேன்க்கா. செவுத்தையும் ஒரு தடவை தொடச்சு..."

"ஒண்ணும் வேணாம். வண்டிக்காரன் கத்தறான், போ. எறும்பு பாதியில இருக்குது, அதைப் போய் ஏன் கலைக்கற? தின்னுட்டுப் போட்டும்."

"நாங்க போனப்புறம் நீங்க கூட்ட மாட்டீங்களே?"

"கூட்ட மாட்டேன்தான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் பாஞ்சாலை. "போய்ச் சேந்ததும் போன் பண்ணு. அந்த அன்பரசன் மாதிரி பண்ணிடாத."

வழியனுப்ப அவள் கீழே இறங்கி வரவில்லை. வண்டி தெரு முனையில் திரும்பும்போது வேதா மாடியைப் பார்த்தாள். பாஞ்சாலை வராண்டாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மலைப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவர்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

வேங்கிக்காலில் அருணாதேவி சொன்னபடி சாவியோடு நின்றாள். ஆணிகளையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினாள். சாமி படம் முதலில் உள்ளே போனது, பிறகு உப்பும் மஞ்சளும். ரோட்டில் தடுப்புப் போடுவதற்குள் ஓட வேண்டுமே என்று விமல்ராஜ் சாமான்களை இறக்கிய வேகத்தில் இரண்டு தட்டுகள் உடைந்தன. எல்லாம் இறங்கிய பிறகு, வண்டியின் அடியிலிருந்து, லட்சுமி பத்திரமாக வெளியே வந்தாள். அடுப்பை இணைத்துப் பாலை ஏற்றி, அபிநயாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வேதா துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். போன் அடித்தது.

பாஞ்சாலை.

வேதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பால், சாவி, உடைந்த தட்டு என்று அலைந்ததில் போன் பண்ண மறந்தே போயிருந்தது. அசல் அன்பரசன் வேலை.

"போய்ச் சேந்துட்டீங்களா?" என்றது குரல். காலியான வீட்டுக்குள் நின்று பேசுகிற எதிரொலி. அந்த அம்மாள் இன்னும் மாடியில்தான் இருந்தாள். "இல்ல, புழுதி அப்படியே கெடக்குது. ஞாயித்துக்கெழமை அந்தப் பசங்க பால் காய்ச்ச வர்றாங்க. தொடப்பத்தோடதான் நிக்கறேன். நீங்க போய்ச் சேந்துட்டீங்கன்னா, கூட்டிடட்டுமா?"

வேதாவுக்கு அந்தக் கூடம் கண்முன்னால் வந்தது. புழுதிக் குவியல், சுவரில் எறும்பு, நடுவில் துடைப்பமும் கையுமாகப் பாஞ்சாலை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வீட்டில் தாங்கள் இருந்தது முடிந்துவிடும். அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"இன்னும் போய்ச் சேரலக்கா" என்றாள். "வழியில ஒரே கூட்டம்."

"அம்மா! பால் பொங்கிடுச்சு!" என்று சமையலறையிலிருந்து அபிநயா அலறினாள். அவள் குரல் என்றைக்குமே ஜாஸ்திதான். புது வீட்டுச் சுவர்களில் மோதி அது நேராகப் போனுக்குள் போனது.

அந்தப் பக்கம் துடைப்பத்தைச் சுவரோரம் சாத்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி" என்றாள் பாஞ்சாலை. "மெதுவாவே போங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."